டெல்டா ப்ளூஸ் பயணம்: முதலில் இரவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குடியேறி ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டாம் நாள் இந்தப் பேச்சு வந்துவிடும்: "ப்ளூஸ் பிறந்த இடம் பக்கத்தில்தானாமே, ஒருநாளில் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?" ப்ளூஸ் என்பது கறுப்பின மக்களின் பாட்டு வகை; அது பிறந்த இடம் மிசிசிப்பி மாநிலத்து டெல்டா. பார்க்கலாம். பாட்டுக் கேட்கத்தான் முடியாது.

நானும் முதல் தடவை அப்படித்தான் ஏமாந்தேன். மேப்பில் பதினான்கு இடங்களைக் குறித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஒரு அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை, இன்னொன்றுக்குத் திங்கள். ராத்திரி தங்கிய ஊரில் எட்டு மணிக்கே கடைத்தெரு அடங்கிவிட்டது. பெயர்ப் பலகைகளைப் படித்துவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம். "இதுக்கு யூடியூப் போதுமே" என்றார் வீட்டுக்காரர்.

அதனால் மேப்பை அப்புறம் திறங்கள். முதலில் எந்த இரவு எங்கே கச்சேரி என்று பார்த்துக் குறியுங்கள். பகலில் பார்க்க வேண்டியவற்றை அதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம். தூரம் ஒரு பொருட்டே இல்லை. மெம்பிஸிலிருந்து டெல்டாவின் க்ளார்க்ஸ்டேல் ஊர் 61ஆம் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். டெல்டா என்றதும் கடல் முகத்துவாரம் என்று நினைக்காதீர்கள். மிசிசிப்பி, யாசூ ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் வண்டல் பூமி அது. தஞ்சாவூர்ப் பக்கம் போல ஒரே சமதளம், நெல்லுக்குப் பதில் பருத்தியும் சோயாவும்.

நான் இப்போது எல்லோருக்கும் சொல்லும் கணக்கு வெள்ளி, சனி, ஞாயிறு.

வெள்ளி காலை ஒன்பதரைக்குள் கிளம்பி நேரே ஆர்கன்சா மாநிலத்து ஹெலீனாவுக்குப் போங்கள். வார நாட்களில் மதியம் 12:15க்கு 'கிங் பிஸ்கட் டைம்' வானொலி நிகழ்ச்சி அங்கிருந்துதான் ஒலிபரப்பாகிறது. 1941இல் கோதுமை மாவு விளம்பரத்துக்காகத் தொடங்கியது. ஹார்மோனிகா கலைஞர் சன்னி பாய் வில்லியம்சன் வாசித்த நிகழ்ச்சி. சனி, ஞாயிறு கிடையாது என்பதால்தான் வெள்ளியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். முடிந்ததும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் க்ளார்க்ஸ்டேலுக்கு முக்கால் மணி நேரம்.

இரண்டு இரவும் க்ளார்க்ஸ்டேலிலேயே தங்குங்கள். ஏப்ரலில் ஜூக் ஜாயிண்ட் திருவிழா வாரம் என்றால் அறையை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும். ஜூக் ஜாயிண்ட் என்பது பருத்திக் காட்டு ஆட்கள் சனிக்கிழமை ராத்திரி குடித்து ஆடிய சின்னக் கொட்டகை. இப்போது மிஞ்சியவை கொஞ்சம்தான். ஊருக்குள் நுழைந்ததும் கேட் ஹெட் என்ற கடைக்குப் போய், அன்றைக்கு யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தும் பத்துமாக நோட்டு வைத்திருங்கள். வாசலில் கார்டு எடுக்காத இடங்கள் உண்டு, கலைஞருக்கு முன்னால் இருக்கும் வாளியில் போடவும் வேண்டும். ஒரு ராத்திரி நாங்கள் உட்கார்ந்த இடம் எங்கள் வீட்டு ஹாலைவிடச் சிறியது. மேடை என்று ஒன்று இல்லை. பாடியவர் பாதியில் நிறுத்தி, ஓரத்து மேசையில் சளசளத்துக்கொண்டிருந்தவர்களையே பார்த்தார். அவர்கள் வாயை மூடிய பிறகுதான் அடுத்த அடி வந்தது.

சனி காலை டெல்டா ப்ளூஸ் மியூசியம், பழைய ரயில் சரக்குக் கிடங்கில். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் வாழ்ந்த மரவீட்டை ஸ்டோவால் பண்ணையிலிருந்து பெயர்த்து உள்ளே வைத்திருக்கிறார்கள். 1941இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் வந்து அவர் பாட்டைப் பதிவுசெய்தார். இரண்டு வருடத்தில் மடி வாட்டர்ஸ் ரயிலேறிச் சிகாகோ போய்விட்டார். 61உம் 49உம் சந்திக்கும் நாற்சந்தியில், ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ் கலைஞர் பேயிடம் ஆத்மாவை விற்ற கதைக்காக, எல்லோரும் படம் எடுப்பார்கள். ஐந்து நிமிடம் போதும்.

அதைவிட டட்வைலருக்குப் போங்கள், பதினைந்து மைல்தான். 1903 வாக்கில் அங்கே ரயிலுக்குக் காத்திருந்த இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹாண்டி, ஒருவர் கிட்டார் தந்தியில் கத்தியை அழுத்தி இழுத்து வாசிப்பதைக் கேட்டார். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த இழைவு உடனே பிடிபடும். அப்படியே டாக்கரி பண்ணை, 1895இல் உருவானது. ப்ளூஸ் பாடகர் சார்லி பாட்டன் வளர்ந்த மண். கூட்டம் இருக்காது, காற்று மட்டும்தான். அங்கிருந்து இண்டியனோலா: ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங்கின் மியூசியம், அவர் இளவயதில் வேலை பார்த்த பருத்தி ஆலைக் கட்டடத்தையும் சேர்த்துக் கட்டியது. 2015இல் அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். இருட்டுவதற்குள் க்ளார்க்ஸ்டேல் திரும்பிவிடலாம்.

சாப்பாடு. டெல்டா டமாலேயைத் தவறவிடாதீர்கள். சோள மாவுக்குள் காரமான இறைச்சியை வைத்து, சோள மட்டையில் சுற்றி, நூலால் மும்மூன்றாகக் கட்டி, ஆவியில் வைக்காமல் மசாலாத் தண்ணீரிலேயே வேகவிடுவார்கள். நூலை அவிழ்த்தால் சிவப்பாக எண்ணெய் வழியும். திருநெல்வேலிக்காரியான எனக்கு ஓலைக்கொழுக்கட்டைதான் ஞாபகம் வந்தது, உள்ளே இருப்பது வேறு என்றாலும். வீட்டுக்காரர் சைவம், அவர் பாடுதான் திண்டாட்டம். கீரையில்கூடப் பன்றிக்கறி போட்டு வேகவைப்பது அந்த ஊர் வழக்கம். இப்போதெல்லாம் புளியோதரையும் தயிர்சாதமும் ஐஸ்பெட்டியில் ஏறிவிடும்.

ஞாயிறன்று பூட்டிக் கிடக்கும் இடங்கள் அதிகம், ஆகவே வெளியிலிருந்தே பார்க்கக் கூடியவற்றை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சம்னர் நீதிமன்றம். 1955இல் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிகாகோப் பையனைக் கொன்றவர்களை, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரம் சொச்சத்தில் விடுவித்தது இங்கேதான். அப்புறம் மணி என்ற சிற்றூர்; அந்தக் கொலைக்கு வழிவைத்த, அவன் போன கடை இடிந்து, கொடி படர்ந்து நிற்கிறது. இதை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டால், அந்தப் பாட்டு யாருடையது என்பது விளங்காது.

அதே சாலையில் தெற்கே போனால் லிட்டில் ஸையன் தேவாலயம். 1938இல் 27 வயதில் இறந்த ராபர்ட் ஜான்சனின் கல்லறை. அவர் பெயரில் மூன்று இடங்களில் கல் இருக்கிறது, பலரும் நம்புவது இதை. கல்லின் மேல் சில்லறை, கிட்டார் மீட்டும் வில்லைகள், விஸ்கி பாட்டில். சுடலைமாடனுக்குச் சாராயமும் சுருட்டும் வைக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே பிரார்த்தனை நடந்தால் முடியும்வரை காரிலேயே இருங்கள். மழை பெய்திருந்தால் புல்லில் காரை ஏற்றவே ஏற்றாதீர்கள். அந்தக் கரிசல் சேற்றில் எங்கள் பின் சக்கரம் புதைந்து, தேவாலயத்திலிருந்து வெளியே வந்த நாலு பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு தள்ளிவிட்டார்கள்.