கடைக்கு மென்பொருள்: இலவசமா, விலைக்கா, சொல்லிச் செய்விப்பதா?

திருகோணமலை நகரில் ஒரு ஹாட்வெயார் கடையோ நிலாவெளியில் ஒரு சிறு விடுதியோ நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கைக் கொம்பியூட்டருக்கு மாற்றப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், ஆளுக்கொரு யோசனை வரும். "இலவசமாகவே கிடக்குது, இறக்கிப் போடுங்கோ" என்பார் ஒருவர். டாலி என்ற கணக்கு மென்பொருளை விலைக்கு வாங்கச் சொல்வார் இன்னொருவர். உங்களுக்கென்றே ஒன்றை எழுதித் தருவதாகச் சொல்லவும் ஒரு தம்பி இருப்பார்.

மூன்றிலும் நல்லது உண்டு. ஆனால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல் எதையும் எடுக்காதீர்கள். சனிக்கிழமை பின்னேரம் கடை நிறைய ஆள் நிற்கும்போது அது நின்றுபோனால் யார் சரிசெய்வார்? நாளை அதை விட்டுவிட நினைத்தால் உங்கள் தரவு உங்களோடு வருமா?

படி 1: முதலில் கொப்பியும் பேனையும்

ஒரு கிழமைக்குக் கடையில் நடப்பதை அப்படியே எழுதுங்கள். யார் பில் போடுகிறார், கடன் எங்கே பதியப்படுகிறது, சரக்கு முடிந்தது எப்போது தெரிகிறது, எந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது.

பிறகு அதை இரண்டாகப் பிரியுங்கள். எல்லாக் கடையிலும் ஒரேமாதிரி நடப்பவை ஒரு பக்கம்: பில், கையிருப்பு, சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 வீதம். இந்தக் கணக்கு உங்கள் கடைக்கென்று மாறாது. மறுபக்கத்தில் உங்கள் தொழிலுக்கே உரியவை. வலையும் இயந்திர உதிரிப்பாகமும் கடனுக்குக் கொடுத்து, மீன் பட்ட நேரம் பார்த்துத் திரும்பப் பெறும் கடைக்குத் தவணைத் தேதி என்று ஒன்று கிடையாது. சாதாரண மென்பொருள் அங்கேதான் தடுமாறும்.

முதல் பக்கத்து வேலைக்காக மென்பொருள் எழுதுவிப்பது வீண்செலவு. யாரோ எப்போதோ அதை நன்றாகச் செய்து வைத்திருப்பார்கள்.

படி 2: மூன்று வழிகளையும் புரிந்துகொள்ளுங்கள்

திறந்த மூல மென்பொருளின் நிரல் (அதை இயக்கும் கட்டளைகள்) எல்லோருக்கும் திறந்திருக்கும்; பயன்படுத்தலாம், மாற்றலாம், உரிமக் கட்டணம் இல்லை. தொழில் நிர்வாகத்துக்கு ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூவின் இலவசச் சமூகப் பதிப்பு, சிறு கணக்குக்கு குனூகேஷ் எல்லாம் இந்த வகை. ஓடூவில் முழுக் கணக்கியல் பகுதி கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். இலவசப் பொருள் நம்பத் தகாதது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2004 சுனாமிக்குப் பிறகு நம் நாட்டுத் தன்னார்வலர்கள் எழுதிய 'சகானா' பேரிடர் மென்பொருள் திறந்த மூலம்தான். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது.

வணிக மென்பொருளுக்குப் பணம் கட்டுகிறீர்கள். பதிலுக்கு ஆதரவும் புதுப்பிப்பும் வருகின்றன. தெரிந்த ஆளைத் தேடுவதும் எளிது, டாலி தெரிந்த கணக்காளர் பல ஊர்களில் உண்டு. ஆனால் கடிவாளம் அவர்கள் கையில். குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளை அதன் நிறுவனம் 2023இல் இந்தியாவில் நிறுத்தியபோது அங்குள்ள கடைக்காரர்கள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

சொல்லிச் செய்விப்பது உங்கள் அளவுக்குத் தைத்த சட்டை. தைத்தவர் வெளிநாடு போய்விட்டால் பொத்தான் மாற்றவும் ஆள் இருக்காது.

நான்காவதாக ஒன்றையும் பலர் ஓசைப்படாமல் செய்கிறார்கள்: கிராக் பிரதி, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. சட்டவிரோதம் என்பது ஒருபுறம். அதோடு ஒட்டி வரும் வைரஸ் உங்கள் கடன் கணக்கைப் பூட்டிவிட்டால் யாரிடமும் முறையிட முடியாது.

படி 3: ஐந்து வருடச் செலவை ரூபாயில் போடுங்கள்

உரிமம், நிறுவும் கூலி, பயிற்சி, சேவர் வாடகை, தரவுப் பிரதி, பழுதுபார்ப்பு என எல்லாவற்றையும் கூட்டுங்கள். டொலரில் கட்டும் சந்தாவைத் தனியாகக் குறியுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. மாதம் 30 டொலர் கட்டியவருக்கு 6,000 ரூபாய் 10,800 ஆயிற்று. திறந்த மூலத்தில் உரிமத்துக்கு நேரே பூச்சியம் விழும், நிறுவும் கூலிக்கு நேரே விழாது.

படி 4: உங்கள் சரக்கைப் போட்டே சோதியுங்கள்

விற்பவரின் டெமோவில் எல்லாமே அழகாக ஓடும். உங்கள் பொருட்களில் ஐம்பதையும் கடன்காரர் பத்துப் பேரையும் உள்ளிட்டுப் பாருங்கள்.

தமிழில் ஒரு பெயர் அடித்து பில் எடுங்கள். திரையில் சரியாகத் தெரிந்தது, சிறிய பில் பிரிண்டரில் கட்டங்கட்டமாக வரலாம். பல பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு இல்லை, மென்பொருள்தான் எழுத்தைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். சிங்களத்திலும் ஒரு பெயர் அடித்துப் பார்த்துவிடுங்கள். தரவு யுனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான முறையில், சேமிக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துச் சேர்த்த பெயர்ப்பட்டியல்கள் வேறு மென்பொருளுக்குப் போகும்போது புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும்.

அப்புறம் வரி. 2022 ஜூனில் வற் (பெறுமதி சேர் வரி) 8 வீதத்திலிருந்து 12 ஆனது, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. வற் பதிவு உள்ளவர் என்றால், அந்த வீதத்தை நீங்களே மாற்ற முடியுமா, பழைய பில்கள் பழைய வீதத்திலேயே நிற்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாக, எல்லாத் தரவையும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். "அது பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

படி 5: எழுதுவிப்பதென்றால் ஒப்பந்தம்

நிரலின் உரிமை யாருக்கு, மூல நிரல் எப்போது உங்கள் கைக்கு வரும், எத்தனை மாதம் இலவசப் பராமரிப்பு, கடவுச்சொற்கள் யார் பெயரில். இத்தனையும் கையெழுத்தோடு இருக்கட்டும். சொந்தக்காரப் பிள்ளை என்றால் இன்னும் கட்டாயம். கடைசித் தவணைப் பணத்தை மூல நிரல் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

படி 6: தேர்வு

ஹாட்வெயார் கடைக்கு, கணக்காளருக்குப் பழக்கமான வணிக மென்பொருளை எடுப்பேன். விடுதிக்காரர் வீட்டில் கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை இருந்தால் திறந்த மூலம் சரிவரும். இல்லாவிட்டால் சந்தா கட்டுவதே நிம்மதி. ஆனால் விருந்தினரின் பாஸ்போட் பிரதிகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள், 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மீன்பிடிப் பொருள் கடைக்குக் கலவை: பில்லும் கையிருப்பும் ஆயத்த மென்பொருளில், அந்தக் கடன் பகுதி மட்டும் சிறிதாக எழுதுவித்தது.

நிலாவெளியில் மே முதல் செப்டெம்பர் வரை மூச்சுவிட நேரமிருக்காது, ஆகவே மாற்றத்தை மழைக்காலத்தில் தொடங்குங்கள். ஒரு மாதக் கணக்கு முடியும்வரை பழைய கொப்பியையும் கூடவே எழுதுங்கள். இரண்டிலும் கையிருப்புப் பணம் ஒத்துவந்தால் கொப்பியை நிறுத்தலாம்.