பள்ளி கேன்டீன் சாப்பாடு: கட்டிய காசுக்குக் கணக்குக் கேட்பது எப்படி?

தனியார் பள்ளியில் லஞ்ச் ஃபீஸ் கட்டுகிறவர்களுக்கு ஒரு வினோதமான சிக்கல். காசு கொடுப்பது நீங்கள், கான்ட்ராக்டரைப் பிடிப்பது பள்ளி, தட்டில் விழுந்ததைச் சாப்பிடுவது எட்டு வயதுப் பிள்ளை. ஹோட்டலில் சாம்பார் ஊசிப்போயிருந்தால் சப்ளையரை அங்கேயே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். இங்கே கேட்க வேண்டியவர் சாப்பாட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை, பார்த்த பிள்ளைக்கோ கேட்கத் தெரியாது, தெரிந்தாலும் பயம். இந்த ஓட்டைக்குள்தான் தண்ணி ரசமும் அரைக் கரண்டிப் பொரியலும் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஒரு கசப்பான விஷயம். சமைத்த சாப்பாட்டுக்கு எம்.ஆர்.பி. கிடையாது. ஒரு தட்டு தயிர்சாதத்துக்கு நூற்றைம்பது ரூபாய் என்று அவர்கள் போட்டால், விலை அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் வந்து பிடிக்க மாட்டார்கள். "டேஸ்ட்டே இல்லை" என்று போய் நின்றாலும் "மத்த பேரன்ட்ஸ் யாரும் சொல்லலையே மேடம்" என்பதுதான் பதில். ஆக, விலையையும் ருசியையும் வைத்துச் சண்டை போடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். பிடிக்க வேண்டிய இடங்கள் வேறு: சொன்னதைக் கொடுத்தார்களா, கொடுத்ததற்கு ரசீது உண்டா, கட்டாயப்படுத்தினார்களா, சுத்தமாக இருந்ததா. இந்த நான்கிலும் சட்டம் உங்கள் பக்கம்.

ஃபீஸ் ரசீதிலிருந்து ஆரம்பிக்கலாம். லஞ்ச் தனி வரியாக இருக்கிறதா, இல்லை 'இதர கட்டணம்' என்பதற்குள் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒளிந்திருந்தால் முதல் வேலை அதைப் பிரித்துக் கேட்பது. அப்புறம் ஒரு காலண்டரை எடுத்து, உண்மையிலேயே சாப்பாடு போட்ட நாட்களை மட்டும் எண்ணுங்கள். உதாரணத்துக்கு, வருஷத்துக்கு 24,000 ரூபாய், 200 நாள் என்று சொல்லியிருக்கிறார்கள், தட்டுக்கு 120 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பரீட்சை நாட்களில் அரை நாளோடு அனுப்பிவிடுகிறார்கள், மழை லீவு வேறு, ஆண்டு விழா ஒத்திகை, டூர் எல்லாம் கழித்தால் 165 நாள்தான் தேறுகிறது என்றால் தட்டு 145 ரூபாயைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கு ஒரு பக்கத்தில் அடங்கும், ஆனால் ஆபீஸ் மேஜையில் வைத்தால் 'சும்மா குறை சொல்ல வந்த பேரன்ட்' என்ற பார்வை அங்கேயே மாறும். ரசீதில் லஞ்சுக்கு ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி இருந்தால் அதையும் வட்டமிடுங்கள். பள்ளி தன் மாணவர்களுக்குக் கொடுக்கும் சேவைக்கும், பள்ளிக்கு வெளியாள் செய்துதரும் கேட்டரிங்குக்கும் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, சாப்பாடும் அதில் அடக்கம் என்று 2021 ஜூனில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. கான்ட்ராக்டர் நேராகப் பிள்ளைகளிடம் விற்றுக் காசு வாங்கினால் அது வேறு கதை.

அளவுக்கு ஒரு அளவுகோல் வேண்டும். அரசுப் பள்ளிச் சத்துணவை எடுத்துக்கொள்ளுங்கள், ஏளனத்துக்குச் சொல்லவில்லை. மத்திய அரசின் மதிய உணவு விதிமுறைப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். மொத்தத்தில் 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய். 700 கலோரி, 20 கிராம் புரதம். நம் தமிழ்நாட்டில் இதற்கு மேல் முட்டையும் உண்டு. அரிசி இலவசமாக வந்துவிடுகிறது, சமைப்பவர் சம்பளம் தனி. இந்த இரண்டும் போக, பருப்பு, காய், எண்ணெய், எரிபொருளுக்கு என்று 2025 மே முதல் மத்தியக் கணக்கில் இருப்பது தொடக்கப் பள்ளிக்கு 6 ரூபாய் 78 காசு, அடுத்த நிலைக்கு 10 ரூபாய் 17 காசு. தனியார் பள்ளியில் ஆள் கூலி, கேஸ், லாபம் எல்லாம் சேரும், 6 ரூபாய்க்குப் போடு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் 145 ரூபாய் வாங்கிக்கொண்டு 50 கிராம் காய்கூட தட்டில் விழவில்லை என்றால் அதைக் கேட்கலாம், தைரியமாகக் கேட்கலாம்.

விழுகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளைகளிடம் போன் கிடையாது, போட்டோ வராது. "சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் வரும். கேள்வியை மாற்றுங்கள். இன்னைக்குப் பொரியல் என்ன, எத்தனை தடவை வைத்தார்கள், இன்னொரு தடவை கேட்டால் கொடுத்தார்களா, உன் கிளாஸ் சாப்பிடப் போகும்போது அப்பளம் மிச்சம் இருந்ததா, யாராவது கொட்டினார்களா. இதில் கடைசி இரண்டும் முக்கியம். பெரும்பாலும் சின்ன வகுப்புகள் முதலில் சாப்பிடும், ஏழாம் எட்டாம் வகுப்பு வரும்போது குண்டாவில் அடி வழித்ததுதான் இருக்கும், அதில் வெந்நீர் ஊற்றிக் கலக்கிய சாம்பாரை 'செகண்ட் பேட்ச்' என்பார்கள். ஃபீஸ் மட்டும் பெரிய வகுப்புக்குத்தான் அதிகம்! பள்ளி கொடுத்த மெனு அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளை சொன்னதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மெனுவில் 'வெஜ் புலாவ், பன்னீர் கிரேவி' என்று இருக்கும், நோட்டில் 'மஞ்சள் சாதம், ரெண்டு பட்டாணி, உருளைக்கிழங்கு குழம்பு' என்று இருக்கும். மூன்று நான்கு வாரம் இப்படி எழுதி, வேறு வேறு வகுப்பிலிருந்து இன்னும் இரண்டு வீடுகளிலும் எழுதினால் அது ஆதாரம். வாட்ஸ்அப் குரூப்பில் கொட்டுவது ஆதாரம் இல்லை. அந்தக் குரூப்பில் பாதி நேரம் கிளாஸ் டீச்சரும் இருப்பார், காலையில் நீங்கள் போட்டது மதியத்துக்குள் பிரின்சிபால் மேஜைக்குப் போயிருக்கும்.

ஒரு நாள் நீங்களே போய்ச் சாப்பிட அனுமதி கேளுங்கள், எழுத்தில். பேரன்ட்ஸ் டே அன்று கூப்பிடுவார்கள், அன்றைக்குப் பாயசம் முந்திரியோடு இருக்கும், அந்தக் கணக்கு வேண்டாம். சாதாரண செவ்வாய்க்கிழமை, கடைசி பேட்ச். போனால் மூன்று விஷயம் பாருங்கள். சாதம் சூடாக இருக்கிறதா: சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் மணிக்கணக்காகக் கிடந்தால் கிருமி பெருகும், காலை எட்டுக்கு வடித்துப் பன்னிரண்டே முக்காலுக்குப் பரிமாறுகிற சாதத்தில் இது பெரிய விஷயம். குடிநீர், கை கழுவும் இடம் எப்படி இருக்கிறது. மூன்றாவது, உரிமம் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறதா. பரிமாறுகிற அக்காவிடம் மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு எவ்வளவு கொடுத்து அனுப்புகிறார்களோ அதைத்தான் அவர் முந்நூறு தட்டுக்குப் பிரிக்கிறார், திட்டு வாங்குவதும் அவரேதான்.

உரிமம் பற்றிக் கொஞ்சம். பள்ளியே சமைத்தாலும் சரி, கான்ட்ராக்டர் சமைத்தாலும் சரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ வேண்டும், பள்ளிப் பிள்ளைகளின் உணவு பற்றிய 2020 ஒழுங்குமுறையே இதைச் சொல்கிறது. எண் 14 இலக்கம். தமிழ்நாட்டில் கொடுத்த உரிமம் 124 என்றும், சிறு வியாபாரப் பதிவு 224 என்றும் தொடங்கும். ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் யார் பேரில், எந்த முகவரிக்கு என்று வரும். முகவரி எங்கோ ஒரு கல்யாண மண்டபத்துக் கிச்சனாக இருந்தால், சாப்பாடு அங்கிருந்துதான் வருகிறதா என்று கேளுங்கள். அதே 2020 ஒழுங்குமுறைப்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. இன்டர்வெல்லில் சிப்ஸும் கோலாவும் விற்கும் கேன்டீன்கள் இதைக் கேள்விப்பட்ட மாதிரியே காட்டிக்கொள்வதில்லை.

கேன்டீன் கவுன்ட்டரில் நடப்பது இன்னொரு ரகம். பத்து ரூபாய் பிஸ்கட்டைப் பன்னிரண்டுக்கு விற்பது, சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுப்பது. பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் 2011 பொட்டலப் பொருட்கள் விதிப்படி தப்பு. இதற்குப் புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை, தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் அவர்கள் கையில்தான். ஸ்மார்ட் கார்டில் முன்பணம் போடச் சொல்லும் பள்ளிகளில் மாதாமாதம் பிள்ளை எதை, என்ன விலைக்கு வாங்கினான் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், வருஷக் கடைசியில் மீதிப் பணத்தையும்.

இப்போது கடிதம். போன் வேண்டாம், நேரில் போய்க் கத்தவும் வேண்டாம். பள்ளி மின்னஞ்சலுக்கு, இன்னும் நான்கைந்து பெற்றோர் பெயரோடு, பிள்ளைகள் வேறு வேறு வகுப்பில் இருந்தால் நல்லது (ஒரே பிள்ளையைக் குறி வைக்க முடியாது). இப்படி எழுதலாம்:

"வணக்கம். இந்தக் கல்வியாண்டுக்கு மதிய உணவுக் கட்டணமாக ____ ரூபாய் செலுத்தியுள்ளோம். பள்ளி கொடுத்த உணவுப் பட்டியலுக்கும் உண்மையில் பரிமாறப்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டைத் தேதி வாரியாக இணைத்துள்ளோம். கீழ்க்கண்டவற்றை 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்: உணவு வழங்குபவரின் பெயரும் உரிம எண்ணும், ஒரு வேளைக்கு ஒரு மாணவருக்கான அளவு, உணவு வழங்காத நாட்களுக்கான கட்டணத்தைத் திருப்பித் தரும் முறை, மாதம் ஒருமுறை இரண்டு பெற்றோர் முன்னறிவிப்பின்றி வந்து உண்டு பார்க்க அனுமதி."

இதில் கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை, வேண்டுமென்றேதான். பாதிப் பள்ளிகள் இந்தக் கடிதத்திலேயே கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசிவிடும், ஏனென்றால் எழுத்தில் பதில் சொல்வது அவர்களுக்குத் தலைவலி. வீட்டுச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது, பள்ளி லஞ்ச் கட்டாயம் என்று சொல்லும் இடமாக இருந்தால் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த விதியை எழுத்தில் கொடுங்கள். ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று கட்டாயப்படுத்துவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாடான வணிக முறை என்கிறது. ரசீது கொடுக்க மறுப்பது அதே சட்டத்தில் நியாயமற்ற வணிக முறை.

பதில் வரவில்லை, அல்லது வந்தும் ஒன்றும் மாறவில்லை. அப்போது எந்தக் கதவைத் தட்டுவது என்பது புகாரைப் பொறுத்தது. புழு, முடி, ஊசிய வாடை, அழுக்குச் சமையலறை என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை, வாட்ஸ்அப் எண் 94440 42322. அன்றைக்கே அனுப்புங்கள், மறுநாள் குண்டா கழுவி வைத்திருப்பார்கள். உணவில் வேறு பொருள் கிடந்தாலோ சுகாதாரமில்லாமல் சமைத்தாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் டாக்டர் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அதே நாளில் சாப்பிட்ட மற்ற பிள்ளைகளின் வீட்டுக்கும் போன் போடுங்கள். பரிசோதனை வேண்டும் என்றால், 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவில் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது: வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம், தப்பு என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பி வரும். ஆனால் வாங்கும்போதே 'இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது.

கட்டணம், கட்டாயம் பற்றியது என்றால் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), சி.பி.எஸ்.இ. என்றால் அதன் மண்டல அலுவலகம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும், அதற்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. சாப்பாட்டின் சுத்தம் பற்றிய மனு போய்ச் சேர்ந்து ஆய்வு நடந்ததா என்று தெரிய வேண்டுமானால், அந்த ஆய்வு அறிக்கையின் நகலைக் கேட்டு உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அலுவலகத்துக்குப் பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு போடலாம்.

நுகர்வோர் விஷயத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள், தமிழிலும் பேசலாம், அவர்கள் எதிர்த்தரப்புக்கு அனுப்பிச் சமரசம் பேசுவார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் பள்ளி தரப்பு வக்கீல் வந்ததும் முதலில் எடுக்கப் போகும் ஆயுதம் 'கல்வி என்பது நுகர்வோர் சேவை இல்லை' என்பது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் பள்ளி பிக்னிக், நீச்சல் வகுப்பு வரை 'கல்வி' என்பதற்குள் சேர்த்துவிட்டது. அதனால் சாப்பாட்டை விற்றது தனி கான்ட்ராக்டர், ரசீதும் அவர் பேரில் என்றால் வழக்கு பலமானது. பள்ளி ஃபீஸுக்குள் கலந்திருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறை வழியாகப் போவதே நடைமுறைக்கு ஒத்துவரும். முதலிலேயே லஞ்ச் ஃபீஸைத் தனியாகப் பிரித்துக் கேட்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

எல்லாம் பார்த்துவிட்டு, வேண்டாம், வீட்டிலிருந்தே கட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்று முடிவெடுத்தால் சும்மா நிறுத்திவிடாதீர்கள். அடுத்த டெர்ம் ஃபீஸ் கேட்பதற்கு முன்னால், எந்தத் தேதியிலிருந்து சாப்பாடு வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பி, ஏற்கெனவே கட்டியதில் மீதி நாட்களுக்கான தொகையைக் கணக்குப் போட்டு அதிலேயே எழுதிக் கேளுங்கள். "அடுத்த வருஷ ஃபீஸில் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பார்கள். சரி என்றால், எவ்வளவு தொகை என்பதை அவர்கள் கையெழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் சரி சொல்லுங்கள்.