பழைய மரப்படகு வாங்கும் முன் சர்வே: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்டிக் ஃபோக்போட் போன்ற பழைய மரப் பாய்மரப்படகுகள் இங்கிலாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் பழைய கார் விலைக்கே கிடைக்கின்றன. நிபுணரை வைத்துப் படகின் நிலையைச் சோதிக்கும் சர்வே செய்யாமல் வாங்கக்கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சர்வேக்குப் பணம் கட்டிய பிறகும் புதியவர்கள் ஏமாறுகிறார்கள், வருடா வருடம் அதே இடங்களில்.

விற்பவர் நீட்டும் பழைய அறிக்கை

அது அவருக்காக எழுதியது. உங்களுக்கு அந்த சர்வேயர் பொறுப்பல்ல.

காப்பீட்டு சர்வே போதும் என்று நினைப்பது

போதாது. கேட்கும்போதே ‘வாங்குவதற்கு முன்பான முழு சர்வே’ என்று எழுத்தில் கேளுங்கள்.

கீல் போல்ட்டைக் கழற்றாமல் விடுவது

இதைத்தான் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1942இல் வடிவம் பெற்ற ஃபோக்போட்டின் நீளம் 7.68 மீட்டர். அதன் மொத்த எடையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய ஒரு டன், அடியில் தொங்கும் வார்ப்பிரும்புக் கீல், அதாவது படகு கவிழாமல் காக்கும் எடை. அதைத் தாங்குபவை சில போல்ட்டுகள் மட்டுமே.

படகுக்குள் தெரியும் நட்டு பெயின்ட் அடித்து அழகாக இருக்கும். சுத்தியலால் தட்டினாலும் ‘ணங்’ என்றுதான் கேட்கும். கெடுவது நடுவில், அடிமரமும் இரும்பும் சேரும் இடத்தில். அங்கே உப்புநீர் கசிந்து தேங்குகிறது. ஓக் மரத்தின் அமிலமும் சேர்ந்து இரும்பை அரிக்கிறது. கட்டைவிரல் பருமன் போல்ட் அந்த ஓர் அங்குலத்தில் மட்டும் பென்சிலாக மெலிந்திருக்கும்.

உரிமையாளர் அனுமதி இல்லாமல் சர்வேயர் எதையும் கழற்ற மாட்டார். அதனால் அறிக்கையில் ‘கீல் போல்ட்டுகள் கழற்றிப் பார்க்கப்படவில்லை’ என்று ஒரு வரி வரும். வாங்குபவர் அதைத் தாண்டிப் படித்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். பிறகு காப்பீட்டு நிறுவனம் அதே வரியைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது கழற்றினால் போல்ட் பாதியில் முறிகிறது, துளையிட்டு எடுக்க வேண்டியிருக்கிறது, மொத்தச் செலவும் புது உரிமையாளர் தலையில்.

முன்பணம் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: குறைந்தது இரண்டு போல்ட்டுகள் கழற்றப்படும், எவை என்பதை சர்வேயர் முடிவு செய்வார், திரும்பப் பூட்டும் செலவு யாருடையது. ஒன்று தண்ணீர் தேங்கும் மிகத் தாழ்வான இடத்திலிருந்து வரட்டும். சில நாள் முன்பே நட்டில் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். போல்ட் கீழ்ப்பக்கமாக உருவப்படுவதானால் அதன் நீளத்துக்கு அடியில் இடம் வேண்டும். படகைக் கட்டைமேல் ஏற்றும்போதே யார்டில் சொல்லிவிடுங்கள். கழற்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே இருக்கிறது. ஒன்று மெலிந்திருந்தாலும் எல்லாமே போனதாகக் கணக்கிட்டு விலையில் கழியுங்கள். மாற்றாக ஸ்டெயின்லெஸ் போடலாம் என்பார்கள். வேண்டாம், காற்றுப்படாத ஈரமரத்துக்குள் அது வெளியே தெரியாமல் குழிக்குழியாக அரிக்கும்.

சாமானை இறக்காமல் சர்வேயரை அழைப்பது

மெத்தை, பாய், நங்கூரச் சங்கிலி எல்லாம் வெளியே போகட்டும். தரைப்பலகைகளின் திருகுகளை உரிமையாளரே முன்தினம் தளர்த்தி வைக்க வேண்டும். பலகைக்கு அடியில்தான் முறிந்த வங்குகள் (படகின் விலா எலும்பு போன்ற வளைந்த சட்டங்கள்) இருக்கும், பெரும்பாலும் அடிப்பக்கம் வளைந்து மேலேறும் இடத்தில்.

கடல்நீரைப் பார்த்துப் பயந்து மழைநீரை மறப்பது

மரத்தை உளுத்துப்போகச் செய்வது பெரும்பாலும் மேலிருந்து கசியும் மழைநீர். மேல்தளத்தைத் தாங்கும் விட்டங்களின் முனைகளை சர்வேயர் ஊசியால் குத்திப் பார்த்தாரா என்று கேளுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே வெண்கலப் பொருத்துகளைச் சுற்றி மரம் வெளுத்துப் பஞ்சாகியிருந்தால் காரணம் வேறு: மற்ற உலோகம் அரிக்காமலிருக்க மாட்டும் துத்தநாகக் கட்டிகளை (ஆனோடுகளை) அளவுக்கு மீறி மாட்டியிருப்பார்கள். அதனால் உண்டாகும் காரம் மரத்தைத் தின்கிறது.

ஈரமானி காட்டும் எண்

உப்பேறிய மரத்தில் அதை நம்பி விலை பேசாதீர்கள்.

என்ஜினும் பாய்மரமும்

பெரும்பாலும் இரண்டுக்கும் தனி ஆள், தனிக் கட்டணம். நட்ட பாய்மரத்தின் உச்சியைத் தரையிலிருந்து பார்த்து எழுதிய குறிப்புக்கு மதிப்பில்லை. இறக்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிக்கையை மட்டும் படிப்பது

சர்வேயரிடம் ஒரு முறை பேசுங்கள். எழுதத் தயங்கியதை வாயால் சொல்வார். விலகவோ விலையைக் குறைக்கவோ ஒப்பந்தத்தில் ஒரு கெடு இருக்கும். அந்தப் பேச்சு அதற்கு முன் நடக்க வேண்டும்.