நாய்க்குட்டி வீட்டுக்கு வந்தாச்சா? முதல் ஒரு மாசம் இப்படி பாத்துக்குங்க

எங்க கருப்பி வந்த அன்னிக்கு ராத்திரி 11 மணிக்கு அழ ஆரம்பிச்சவ விடிய 4 மணி வரைக்கும் நிறுத்தல. ஹால்ல ஒரு சாக்க விரிச்சு தனியா படுக்க வெச்சிருந்தோம், அதுதான் தப்பு. நேத்து வரைக்கும் அம்மா வயித்தோட ஒட்டிக்கிட்டு, கூடப்பொறந்ததுங்க மேல ஏறி படுத்து தூங்கின குட்டி, திடீர்னு டைல்ஸ் தரைல தனியா விட்டா கத்தாம என்ன பண்ணும்? மறுநாள் ஒரு அட்டைப்பெட்டில அம்மாவோட பழைய காட்டன் புடவைய மடிச்சு போட்டு என் பாய் பக்கத்துலயே வெச்சுக்கிட்டேன். முனகுறப்பல்லாம் கைய உள்ள விட்டு முதுகு மேல சும்மா வெச்சிருப்பேன், தூக்க மாட்டேன், பேச மாட்டேன், கொஞ்ச நேரத்துல அந்த குட்டி நெஞ்சு படபடன்னு அடிக்கிறது அடங்கி மூச்சு சீராகுறது கையிலயே தெரியும். நாலாவது ராத்திரி கைய விட வேண்டிய தேவையே வரல. "அழட்டும் விடு, தானா பழகிடும்"னு சொல்றவங்க பேச்ச தயவுசெஞ்சு கேக்காதீங்க. நல்லா தூங்க ஆரம்பிச்சதும் பெட்டிய தினமும் ஒரு அடி ரெண்டு அடின்னு நகத்தி, அதுக்குன்னு வெச்ச இடத்துக்கு கொண்டு போயிடலாம்.

இன்னும் குட்டிய தூக்கிட்டு வரலன்னா 8 வாரம் முடியட்டும். 30 நாள்லயே குடுக்குறாங்க, பாக்க அழகா இருக்குன்னு வாங்கிடறோம், ஆனா எவ்வளவு அழுத்தி கடிச்சா வலிக்கும்ங்கிறத அது அம்மாகிட்டயும் கூடப்பொறந்ததுங்ககிட்டயும்தான் கத்துக்குது.

அடுத்து எல்லாரும் தலைய பிச்சுக்கிற விஷயம், வீட்டுக்குள்ள உச்சா போறது. 2 மாச குட்டியால பகல்ல 2 மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாது, அது பிடிவாதம் இல்ல, உடம்பு இன்னும் அவ்வளவுதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும், இந்த மூணு நேரமும் தூக்கிட்டு ஒரே இடத்துக்கு போங்க, மாடி வீடா இருந்தா பால்கனில ஒரு தட்டுல மண்ணு கொட்டி வெச்சா போதும். நடுவுல தரைய மோந்துக்கிட்டே வட்டமடிக்க ஆரம்பிச்சா உங்களுக்கு சில செகண்டுதான் இருக்கு, உடனே தூக்குங்க. சரியான இடத்துல போய் முடிச்ச அந்த நொடியே, அங்கயே நின்னு, பாராட்டி ஒரு சின்ன துண்டு வேகவெச்ச கோழி குடுங்க, உள்ள வந்தப்புறம் குடுத்தா எதுக்கு குடுக்குறோம்னு அதுக்கு புரியாது. மூக்க பிடிச்சு உச்சால தேய்க்கிற பழக்கம் நம்ம ஊர்ல இன்னும் இருக்கு, அத பண்ணா உங்களுக்கு பயந்து கட்டிலுக்கு அடில போய் போகும், வேற எதுவும் மாறாது. அப்புறம் ஃபினாயில் வேண்டாம், தரைல நடந்த கால நக்குறப்ப அது வயித்துக்குள்ள போகும், நாய்க்கு விஷம். வினிகர கொஞ்சம் தண்ணில கலந்து துடைங்க, வாசனை போனாதான் மறுபடி அதே இடத்த தேடி வராது. ராத்திரி 2 மணிக்கு ஒரு தடவ அலாரம் வெச்சு கூட்டிட்டு போயிடுங்க, லைட்ட போட்டு கொஞ்சாம, போன வேலைய முடிச்சிட்டு நேரா படுக்கைக்கு.

சாயங்காலமானா வெறி பிடிச்ச மாதிரி ஓடி காலையும் துணியையும் கடிக்குதா? விளையாட்டு பத்தலன்னு நெனச்சு இன்னும் ஓட விடாதீங்க. ஒரு நாளைக்கு 18 மணி நேரமாவது தூங்க வேண்டிய ஜீவன் அது, வீட்ல குழந்தைங்க தூக்கி தூக்கி வெச்சுக்கிட்டே இருந்தா தூக்கம் கெட்டு இப்படித்தான் ஆகும். இருட்டான மூலைல பெட்டிய வெச்சு, அதுக்குள்ள இருக்கறப்ப யாரும் தொடக்கூடாதுன்னு வீட்ல ஒரு சட்டமே போட்டுடுங்க. நாலாவது மாசம் பல்லு விழ ஆரம்பிக்கும், ஈறு அரிக்கும், பழைய துணிய நனைச்சு முறுக்கி ஃப்ரீசர்ல வெச்சு குடுங்க, கருப்பி அத ரெண்டு காலுக்கு நடுவுல வெச்சு அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டு கெடப்பா.

விளையாட்டுல பல்லு பட்டு தோல் கீறினாலும் லேசா எடுத்துக்காதீங்க. குழாய்ல தண்ணிய திறந்துவிட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். குட்டிதானேன்னு விடக்கூடாது, ரேபிஸ் குட்டிக்கும் வரும்.

சாப்பாடு ஒரு நாளைக்கு 4 தடவ, கொஞ்சம் கொஞ்சமா. முன்னாடி என்ன சாப்பிட்டுச்சோ அதையே ஒரு வாரம் குடுத்து மெதுவா மாத்துங்க. மாட்டுப்பால் நெறைய குட்டிக்கு செரிக்காம வயித்தால போகும். வெறும் தயிர் சாதத்துல வளர்ற குட்டிக்கு சத்து பத்தாது, உப்பு காரம் இல்லாம கோழியோ முட்டையோ சேருங்க, சமைச்ச எலும்பு மட்டும் கூடாது, கூரா உடைஞ்சு குடல குத்திடும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை, பாயாசத்துல போடற காஞ்ச திராட்சை கூட ஆகாது.

தடுப்பூசி 6லேர்ந்து 8 வாரத்துல ஆரம்பிச்சு, 3-4 வாரத்துக்கு ஒரு தடவ, 16 வாரம் வரைக்கும் போடணும், ரேபிஸ் ஊசி 3 மாசத்துல. பூச்சி மருந்தும் டாக்டர் சொல்ற கணக்குல குடுங்க. ஊசி எல்லாம் முடியற வரைக்கும் தெருவுல இறக்கி விடாதீங்க, குட்டிங்க உயிருக்கே ஆபத்தான வாந்தி பேதிய உண்டாக்கற பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சாப்பாட்ட தொடாம சுருண்டு கெடக்கறது, இதுல எது வந்தாலும் நாளைக்கு பாக்கலாம்னு இருக்காதீங்க. அரசு கால்நடை மருத்துவமனை எல்லா ஊர்லயும் பக்கத்துல எங்கயாவது இருக்கும், சென்னைல வேப்பேரி கால்நடை கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. சென்னைலயே இருக்கீங்கன்னா மாநகராட்சி லைசன்ஸும் எடுத்துடுங்க.

ஆனா ஊசி முடியலன்னு வீட்டுக்குள்ளயே பூட்டி வெக்கவும் கூடாது. ஏறக்குறைய 14 வாரம் வரைக்கும்தான் புது சத்தம், புது ஆளுங்கள ஈஸியா ஏத்துக்கும். இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு தெருமுனை வரைக்கும் போங்க, ஆட்டோ, ஹெல்மெட் போட்டவங்க, கோயில் மேளம் எல்லாம் தூரத்துல இருந்து காட்டுங்க, வீட்ல மிக்ஸி ஓடுறப்ப பக்கத்துல உக்காந்து ஏதாவது தின்ன குடுங்க. தீபாவளிக்கு இது எவ்வளவு உதவும்னு அப்ப தெரியும்.

கடைசியா, தனியா இருக்க முதல் வாரத்துலேர்ந்தே பழக்குங்க, ஒரு வாரம் லீவு போட்டு ஒட்டிக்கிட்டே இருந்துட்டு திங்கக்கிழமை 9 மணி நேரம் விட்டுட்டு போனா அது தாங்காது. சாவிய எடுத்து கதவ சாத்திட்டு ஒரு நிமிஷத்துல திரும்பி வாங்க, அப்புறம் அஞ்சு, அப்புறம் இருபது, போறப்பவும் வர்றப்பவும் ரொம்ப கொஞ்சாதீங்க. இப்ப நான் சாவிய எடுத்தா கருப்பி ஒரு கண்ண மட்டும் திறந்து பாத்துட்டு மறுபடி அந்த புடவைலயே மூஞ்சிய புதைச்சுக்கறா.