டேட்டா இல்லாமல் சைக்கிள் கணினியில் றூட் ஏற்றுவது: யாழ்ப்பாணத்தில் ஓடப் போகிறவர்களுக்கு

கார்மின் எட்ஜ் (சைக்கிளில் பூட்டி வழி பார்க்கும் சிறு ஜிபிஎஸ் கருவி) கையோடு கொண்டு போகிறவர்கள் பலர் சறுக்கும் இடம் இது: கார்மினின் கைபேசிச் செயலியில் சேர்க்கும் றூட் முதலில் நிறுவனத்தின் சேர்வருக்குப் போய்த்தான் கைபேசி வழியாகக் கருவிக்கு வருகிறது. டேட்டா இல்லையென்றால் புளூடூத் இருந்தும் பயனில்லை. வயர் போதும்.

எட்ஜைக் கணினியில் பூட்டினால் பென்டிரைவ் போலத் திறக்கும். ‘கார்மின்’ கோப்புறைக்குள் ‘நியூஃபைல்ஸ்’ என்று ஒன்று இருக்கும். றூட்டைச் சேமித்த ஜிபிஎக்ஸ், டிசிஎக்ஸ் அல்லது ஃபிட் வகைக் கோப்பை அதற்குள் போட்டு, ‘இஜெக்ட்’ கொடுத்த பிறகே வயரைக் கழற்றுங்கள். கருவி மீண்டும் இயங்கும்போது கோப்பை மாற்றி ‘கோர்ஸஸ்’ பட்டியலில் வைக்கும். நேரே ‘கோர்ஸஸ்’ கோப்புறைக்குள் ஜிபிஎக்ஸைப் போட்டால் ஒன்றும் தெரியாது.

சார்ஜ் ஏறுகிறது, கோப்புறை தெரியவில்லை என்றால் முதலில் வயரைச் சந்தேகியுங்கள். சார்ஜுக்கு மட்டுமான மைக்ரோ யுஎஸ்பி வயர்கள் ஏராளம். பென்டிரைவ் போலன்றி, ஆண்ட்ராய்டு கைபேசி போல எம்டிபி முறையில் இணையும் மாடல்களை மேக் தானாகக் காட்டாது. ஓப்பன்எம்டிபி போன்ற மென்பொருளை வீட்டிலேயே நிறுவிவிடுங்கள். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் திரையில் கட்டங்களாகத் தெரியலாம். கோப்பை எடுக்கும் தளம் ‘ட்ராக்’, ‘றூட்’ என இருவகை ஜிபிஎக்ஸில் எது வேண்டும் என்று கேட்டால் ட்ராக்கை எடுங்கள்.

ஐரோப்பாவில் வாங்கிய எட்ஜில் பொதுவாக இலங்கை வரைபடம் இருக்காது. கோடு மட்டும் வெறுந்திரையில் ஓடும். கோட்டை விட்டு விலகினால் எச்சரிக்கும், ஆனால் வேறு வழி சொல்லாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் அடிப்படையிலான இலங்கைக் கோப்பை (ஐஎம்ஜி) புறப்படுமுன் இறக்கி ‘கார்மின்’ கோப்புறைக்குள் போட்டு, வரைபட அமைப்பில் இயக்கிவிடுங்கள். அதற்கும் வசதியில்லையென்றால், திரும்பல்களையும் உள்ளே எழுதி வைக்கும் டிசிஎக்ஸ் அல்லது ஃபிட் கோப்பாக எடுப்பது நல்லது.

அங்கே போய் றூட்டை மாற்ற நினைத்தால் மடிக்கணினி தேவையில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் ஓஸ்மாண்ட் என்ற வரைபடச் செயலியும் அதன் இலங்கை வரைபடமும் இருந்தால் இணையமின்றியே கோடு போட்டு ஜிபிஎக்ஸாகச் சேமிக்கலாம். அதை ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறைக்கு ஏற்றுமதி செய்யுங்கள். செயலியின் உள் கோப்புறையைப் புதிய ஆண்ட்ராய்டு திறக்க விடாது. பிறகு ஓடிஜி அடாப்டர் (கைபேசியில் யுஎஸ்பி கருவியை இணைக்க உதவுவது) பூட்டி எட்ஜை இணைத்து, கோப்பு மேலாளரில் நியூஃபைல்ஸுக்கு நகலெடுங்கள். எல்லாக் கைபேசிகளும் இதற்கு இடம் கொடுப்பதில்லை, வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள்.

இணையமின்றி வழி கணிக்கும் பிறௌட்டர் செயலியைப் பாவிப்பவர்களுக்கு ஒரு பொறி உண்டு. அதன் தரவு ஐந்து பாகைச் சதுரங்களாக வரும். 80 பாகை கிழக்குக் கோடு யாழ் நகரத்தை ஒட்டியே போகிறது. அதற்குக் கிழக்கே உள்ள சதுரமான இ80_என்5 மட்டும் இறக்கினால் பருத்தித்துறைக்கு வழி கிடைக்கும், மேற்கே தீவுப்பக்கம் உள்ள வேலணைக்கோ குறிகட்டுவானுக்கோ கிடைக்காது. மேற்குச் சதுரமான இ75_என்5ஐயும் இறக்குங்கள். இரண்டும் சேர்ந்தால் முழு இலங்கையும் அடங்கும்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கோடு கடலுக்குள் இறங்கினால் பிழையென்று நினைக்காதீர்கள், அது படகுச் சேவை. (ஊரில் ‘பாதை’ என்றால் அதுதான், இங்கே றூட் என்றே எழுதியதற்கும் அதுவே காரணம்.) அது ஓடாத நேரத்தில் பண்ணைப் பாலம் வழியாகப் பெரிய சுற்று. வலிகாமம் வடக்கில் வரைபடம் காட்டும் சில வீதிகள் இராணுவ வேலியில் முடியலாம், அந்தப் பக்கம் போகுமுன் உள்ளூரில் கேளுங்கள்.

முதல்நாள் காலை செயற்கைக்கோளைப் பிடிக்க எட்ஜ் பல நிமிடம் எடுக்கும். முற்றத்தில், வானம் தெரியும் இடத்தில் அசைக்காமல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள்.