வங்கிக் கணக்கு முடக்கப்பட்டால்: சட்டம் விதிக்கும் வரம்புகளும் நீங்கள் செய்ய வேண்டியவையும்

வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணம், குளச்சலில் மீன் ஏலத்துக்குப் பின் வரும் தொகை, தோவாளைப் பூச்சந்தையில் வெளியூர் வியாபாரி அனுப்பும் யூபிஐ என்று, முன்பின் அறியாதவர்களின் கணக்குகளிலிருந்தும் பணம் வந்து சேரும் மாவட்டம் கன்னியாகுமரி. அனுப்பியவர் மீது விசாரணை நடந்தால், பெற்றவரின் கணக்கும் முடக்கப்படலாம். அப்படி முடக்கப்பட்டதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

வங்கிக் கிளையில் "மேலிடத்து உத்தரவு" என்று வாய்மொழியாகச் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். கணக்கை முடக்கிய அலுவலகம், கடிதத்தின் தேதி, அதில் குறிப்பிட்டுள்ள சட்டப்பிரிவு, முடக்கப்பட்டது முழுக் கணக்கா குறிப்பிட்ட தொகை மட்டுமா ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். மனுவின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்து எங்கே முறையிடுவது, எத்தனை நாள் அவகாசம் என்பதெல்லாம் அந்தப் பிரிவு எண்ணைப் பொறுத்தே அமையும்.

முடக்கியது அமலாக்கத்துறை என்றால், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், 2002 பொருந்தும். 5-ஆம் பிரிவின்படி, சொத்து குற்றத்தின் வழியே வந்தது என்று நம்புவதற்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிவு செய்தே தற்காலிக முடக்க ஆணை பிறப்பிக்க முடியும். அந்த ஆணை அதிகபட்சம் 180 நாட்களுக்கே செல்லும். 30 நாட்களுக்குள் அவர், முடக்கத்தை உறுதி செய்வதா என்று முடிவெடுக்கும் தீர்ப்பு ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தாக வேண்டும். சோதனையின்போது 17(1ஏ) பிரிவின்கீழ் முடக்கினால், ஆணையின் நகலைச் சம்பந்தப்பட்டவருக்குக் கொடுப்பது கட்டாயம். முடக்கத்தைத் தொடர விரும்பினால், இங்கும் 30 நாட்களுக்குள் ஆணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வழியும் உண்டு: ஆணை பிறப்பித்த அதிகாரியின் முன் அனுமதியோடு அந்தப் பணத்தைக் கையாளலாம். மருத்துவச் செலவுக்கோ வேலையாட்களின் கூலிக்கோ தேவைப்பட்டால், ரசீதுகளை இணைத்து அந்த அனுமதியைக் கேளுங்கள்.

இந்த நடைமுறைகளை வெறும் சடங்காக எண்ணிவிடக் கூடாது. ஆப்டோ சர்க்யூட் நிறுவனத்தின் வழக்கில், வங்கிக்கு நேரடியாகக் கடிதம் எழுதி அமலாக்கத்துறை செய்த முடக்கம், சட்டம் வகுத்த முறையைப் பின்பற்றாததால் செல்லாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறை தவறினால் முடக்கமே நிலைக்காது என்பதால், கையிலுள்ள ஒவ்வொரு கடிதத்தின் தேதியையும் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தீர்ப்பு ஆணையத்திலிருந்து விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வந்தால், பதிலளிக்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் இருக்கும். பணம் வந்த வழியை ஆவணங்களால் காட்ட வேண்டிய இடம் இதுதான். வளைகுடா வருமானமாக இருந்தால் சம்பளச் சான்று, விசா நகல், என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்கு அறிக்கை; வியாபாரமாக இருந்தால் பில்கள், ஏலச் சீட்டு, வருமான வரித் தாக்கல் என்று, சந்தேகத்துக்குள்ளான ஒவ்வொரு வரவுக்கும் எதிரே அதற்குரிய ஆவணத்தை வரிசைப்படுத்துங்கள். மொத்தமாக ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுப்பதால் பயன் குறைவு. ஆணையம் முடக்கத்தை உறுதி செய்தால், விசாரணைக் காலத்தில் அது 365 நாட்களைத் தாண்டக் கூடாது. அதற்குள் நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டால் வழக்கு முடியும்வரை நீடிக்கும். உறுதி செய்த ஆணை கைக்குக் கிடைத்த 45 நாட்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும், அதன் தீர்ப்புக்கு எதிராக 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தையும் அணுகலாம். நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ சிவில் வழக்குப் போட்டுக் காலத்தை இழக்காதீர்கள். ஆணையமும் தீர்ப்பாயமும் முடிவு செய்ய வேண்டியவற்றில் சிவில் நீதிமன்றம் தலையிடுவதை 41-ஆம் பிரிவு தடுக்கிறது.

முடக்கியது சைபர் குற்றப் பிரிவு போலீசார் என்றால் பாதை வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி, கைப்பற்றியதை (கணக்கை முடக்குவதும் இதில் சேரும்) அவர்கள் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று எழுத்தில் கேட்டுவிட்டு, 503-ஆம் பிரிவின்கீழ் அதே நீதிமன்றத்தில் விடுவிப்பு மனு போடலாம். சந்தேகத்துக்குள்ளான தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியைப் பயன்படுத்த அனுமதிக்கும்படி மனுவில் தனியாகக் கேளுங்கள். முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்குவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் ஏற்கவில்லை. நடைமுறை மீறல் வெளிப்படையாகத் தெரிந்தும் பதில் கிடைக்கவில்லை என்றால், நம் மாவட்டத்தார் ரிட் மனுவை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாக்கல் செய்யலாம். வங்கிக்கும் விசாரணை அலுவலகத்துக்கும் அனுப்பிய மனுக்களின் நகல்களையும் பதிவுத் தபால் ரசீதுகளையும் அதனுடன் இணைக்க வேண்டும்.