காசிமேட்டுக்கு வரும் மருத்துவ மாணவர்களே, இதையெல்லாம் செய்யாதீர்கள்

இங்கே வீடு வீடாக நோயாளிகளைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு புது பேட்ச்சும் அதே தப்புகளைத்தான் செய்கிறது. பி.பி. மெஷினை மறந்துவிட்டு வருவது, தப்பான வீட்டுக்குப் போவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

இப்படிக் கேட்டால் "போடுறேன்பா" என்ற பதில்தான் வரும். அதை நம்பி எழுதுவதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

மீன் விற்கும் ஆயா ஒருவர். சர்க்கரை 280. "தவறாமல் சாப்பிடுகிறார், டோஸ் போதவில்லை" என்று மாணவர் எழுதினார், டோஸ் ஏறியது. மகள் பக்கத்திலேயே நின்று விழுங்க வைத்தாள். மறுநாளே சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, மயங்கிய ஆயாவை ஆட்டோவில் தூக்கிப் போனார்கள்.

அப்புறம்தான் டப்பாவைத் திறந்து பார்த்தோம். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைட் மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே கிடந்தன. ஏலத்துக்காக விடியும் முன்பே துறைமுகத்துக்குப் போகிறவர் அவர். கூடை காலியாகிச் சாப்பிட 11 மணி ஆகும். எழுந்ததும் மாத்திரை போட்டால் கை நடுங்குகிறது என்று எப்போதோ நிறுத்திவிட்டார். பழைய டோஸையே அந்த 11 மணி சாப்பாட்டோடு கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

அதனால் அட்டையை எடுத்து வரச் சொல்லுங்கள், எண்ணுங்கள். நேற்று எத்தனை மணிக்கு எழுந்தார், முதலில் எப்போது சாப்பிட்டார் என்று கேளுங்கள். 2021-ல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தபிறகு மாத்திரை வாசலுக்கே வருகிறது. வாசலுக்கு வருவது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு.

டி.பி.யிலும் இதே கதைதான். அதற்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்தைப் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முதல் நாளே சொல்லாவிட்டால், ரத்தம் என்று பயந்து 6 மாத மருந்தைப் பாதியில் விட்டுவிடுவார்கள்.

காலை 10 மணிக்குப் போவது

ஆண்கள் கடலில், பெண்கள் மார்க்கெட்டில். பூட்டிய கதவைப் பார்த்து "ஒத்துழைப்பு இல்லை" என்று வேறு எழுதுகிறீர்கள். சாயங்காலம் போங்கள். விசைப்படகுக்காரர்களைப் பிடிக்க வேண்டுமானால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் நல்ல நேரம். ஆனால் அப்போது கையில் காசு இருக்காது. "தினமும் ஆப்பிள் சாப்பிடுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து.

மாமியார் முன்னால் வெள்ளைப்படுதலைக் கேட்பது

ஒரே அறை வீடு. வெளியே கூப்பிட்டுக் கேளுங்கள்.

உப்பைக் குறைக்கச் சொல்வது

கருவாட்டைப் பற்றிக் கேட்டீர்களா?